அரூப ஓவியமா, பண்பியல் ஓவியமா?

அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோவைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பலரும், சொல்லிவைத்தாற்போல், அவருடைய படைப்புகளை ‘அரூப ஓவியம்’ என்றே குறிக்கின்றனர். உருவமற்றது எனப் பொருள்படும் இச்சொல் ‘அப்ஸ்ட்ராக்ட்’ (abstract) என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நிகராகாது. அதன் இலத்தீன் மூலத்துக்கு ‘விலக்கி இழுத்தல்’ என்று பொருள்; உருவத்தைப் பற்றிய பேச்சே அதில் இல்லை.

1950-ஐ ஒட்டி ராத்கோ வந்தடைந்த பாணியில், விளிம்பு கலங்கிய நீள்சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. டச்சு ஓவியர் மோந்திரியானின் புகழ்பெற்ற ஓவியங்களிலோ நேர்கோடுகளும் கட்டங்களுமே உள்ளன. இவையும் உருவங்கள்தாமே? அங்கே இல்லாதது வடிவம் அன்று. மரம், முகம் என்று நாம் பெயரிட்டு அழைக்கத்தக்க பொருளின் சாயல்தான். மேலும், உருவம், அருவம், அருவுருவம் எனப் பகுக்கும் சைவ மரபில் அருவம் என்பது கண்ணுக்குப் புலப்படாத நிலை. பார்ப்பதற்கென்றே தீட்டப்பட்ட ஒன்றுக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது விந்தையே. வடசொல்லை விலக்குவதாக எண்ணி ‘அருவ ஓவியம்’ என்று திருத்துவோர், அதே பிழையைத் தமிழாக்கியிருக்கிறார்கள், அவ்வளவே. மாற்றாகச் சொல்லப்படும் ‘நவீன ஓவியம்’ காலத்தைச் சுட்டும் பெயர். ‘கருத்தியல் ஓவியம்’ என்றாலோ கொள்கைப் பரப்புரைச் சுவரொட்டிதான் நினைவுக்கு வருகிறது.

சிலர் வழங்கும் ‘பண்பியல் ஓவியம்’ என்பதையே நான் ஏற்கிறேன். ‘செந்தாமரை’ என்னும் பண்புத்தொகையைப் பிரித்தால் செம்மையும் தாமரையும் கிடைக்கும். தாமரையை விட்டுவிட்டுச் செம்மையை மட்டும் துணியில் நிறுத்துவதே இவ்வகை ஓவியரின் தொழில். 1911 இறுதியில் வெளிவந்த தம் நூலில் ருஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி, மஞ்சள் பார்ப்பவரை நோக்கி முன்வந்து அமைதியைக் குலைக்கும் என்றும், நீலம் பின்வாங்கி உள்ளத்தை ஆழத்துக்கு ஈர்க்கும் என்றும் எழுதியபோது, பேசியது மலரையோ வானத்தையோ பற்றி அன்று. அவற்றினின்று பிரிந்து நிற்கும் பண்பைப் பற்றியே. இந்நுட்பம் விளங்காத மொழிபெயர்ப்பாளர்களே ‘சிவப்பு கோபத்தைக் குறிக்கிறது’ என்று, வண்ணத்தைப் போக்குவரத்து விளக்காக்கி எழுதுகிறார்கள். குறிப்பது வேறு, உணரச் செய்வது வேறு.

‘பண்பு’ இன்று நல்லொழுக்கத்தையும் உணர்த்துவதால் குழப்பம் வரும் என்பர். பண்புப்பெயரைப் பள்ளியிலேயே படித்துவிடும் தமிழருக்கு அந்தக் குழப்பம் நெடுநேரம் நீடிக்காது.