தெபார்த்மாந்தோ-தொமானியால்: அடி ஒருவருக்கு, பயன் ஒருவருக்கு

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் பெபூர், பெலூவ், மஃபாத் என்று எந்தக் காட்டைப் பற்றிய ஆவணத்தைப் புரட்டினாலும் 'ஃபொரே தெபார்த்மாந்தோ-தொமானியால்' என்ற தொடர் கண்ணில் படும். தமிழில் எழுதும்போது பெரும்பாலும் இதை 'அரசுக் காடு' என்று சுருக்கிவிடுகிறோம். அது பாதி உண்மைதான். விடுபட்ட மறுபாதியால்தான் காட்டில் இடம் கேட்கும் விண்ணப்பங்கள் தவறான மேசைக்குப் போய்த் திரும்புகின்றன.

'தொமேன்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் வேர் லத்தீன். ஆண்டவனுக்கு, அதாவது நிலத்தை ஆள்பவனுக்கு உரியது என்பது பொருள். மன்னனின் சொத்தாக இருந்தது பின்னர் தேசிய அரசின் சொத்தாகப் பொருள் மாறியது. ஆகவே காட்டுச் சட்டத்தில் 'தொமானியால்' என்றால் பாரிசில் உள்ள தேசிய அரசின் காடு. நகராட்சியின் காட்டுக்கு 'கொம்யுனால்' என்று வேறு சொல் இருக்கிறது. நம் சொல்லில் 'தொமானியால்' முன்னே ஒரு 'தெபார்த்மாந்தோ' ஒட்டியிருப்பது, இந்தக் காட்டுக்கு உரிமையாளர் ஒருவரல்ல என்பதைக் காட்ட.

தெபார்த்மான் என்பதற்கு 'மாவட்டம்' என்று எழுதுவது வழக்கம். இங்கேதான் சறுக்குகிறோம். தமிழ்நாட்டு வாசகருக்கு மாவட்டம் என்றதும் கலெக்டர் நினைவுக்கு வருவார். அவர் மேலிருந்து அனுப்பப்படும் அதிகாரி. ரீயூனியனில் அந்த இடத்தில் இருப்பவர் பிரெஃபே. தெபார்த்மான் என்பதோ வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மன்றம் நடத்தும் தனி அமைப்பு. தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளும். எனவே உரிமை பற்றிப் பேசும் இடங்களில் 'மாவட்ட மன்றம்' என்று எழுதினால் குழப்பம் பாதி தீரும்.

1946 மார்ச் 19ஆம் நாள் சட்டத்தால் ரீயூனியன் காலனி என்ற நிலை நீங்கி தெபார்த்மான் ஆனது. காலனியின் பெயரில் இருந்த காடுகளை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. சொத்துரிமையை மாவட்ட மன்றத்துக்கும், அனுபவிக்கும் உரிமையைத் தேசிய அரசுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். அரசின் சார்பில் காட்டை நடத்துவது ஓ.என்.எஃப். எனப்படும் தேசியக் காட்டு அலுவலகம். அது நடத்தும் பொதுக் காடுகள் ஏறத்தாழ 1,00,000 ஹெக்டேர், தீவின் ஐந்தில் இரண்டு பங்கு. அவற்றில் மிகப் பெரும்பகுதி இந்த வகைதான்.

பிரித்த இரண்டு உரிமைகளுக்கும் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தில் பெயர் உண்டு. அனுபவிக்கும் உரிமை 'உசுஃப்ருயி'; லத்தீனில் 'பயன்பாடு', 'பலன்' என்னும் இரு சொற்கள் சேர்ந்தது. 578ஆம் பிரிவு சொல்வது: பிறர் சொத்தை உடையவர் போலவே அனுபவிக்கலாம், ஆனால் அதன் உரு குலையாமல் காக்க வேண்டும். மரம் வெட்டுவதிலும் இதே கட்டுப்பாடு. முறைவைத்து வெட்டிவரும் காட்டில் அந்த முறைப்படி வெட்டலாம். முறைக்கு உட்படாத பெருமரங்களில் கைவைக்கக் கூடாது. எஞ்சிய உரிமை 'நுய் ப்ரோப்ரியெத்தே', சொல்லுக்குச் சொல் 'ஆடையில்லா உடைமை'. பலன் என்ற ஆடையை உரித்த பின் நிற்கும் வெறும் உடைமை.

தமிழில் எதைச் சொல்வது? ஒத்தியும் போக்கியமும் கிட்டத்தட்ட வருகின்றன: சொத்து ஒருவருக்கு, விளைச்சல் மற்றவருக்கு. ஆனால் அங்கே கடன் இருக்கிறது, பணத்தைத் திருப்பினால் நிலம் மீளும். இங்கே கடனே இல்லை. மேல்வாரம், குடிவாரம் என்பவை விளைச்சலைப் பங்கிடுபவை. இங்கே பலன் முழுவதும் ஒரு பக்கம். 'கூட்டுடைமை' அறவே பொருந்தாது, ஏனெனில் இருவரும் ஒரே உரிமையைப் பகிரவில்லை. நமக்குக் கைகொடுப்பது கோயில் நிலப் பேச்சில் வழங்கும் 'அடிமனை'தான். வீடு குடியிருப்பவருடையது, அடிமனை கோயிலுடையது என்பார்கள். அதே வார்ப்பில் 'அடியுடைமை' என்றால் 'நுய் ப்ரோப்ரியெத்தே' சரியாக அமர்கிறது, மறுபக்கம் 'பயனுரிமை'. முழுத் தொடருக்கு 'மன்ற அடியுடைமை, அரசுப் பயனுரிமைக் காடு' என்று ஒருமுறை விரித்துச் சொல்லிவிட்டு, பின்னர் 'பிரிவுடைமைக் காடு' என்று சுருக்கலாம்.

சாலை இல்லாத மஃபாத் பள்ளத்தாக்கில் இந்தப் பிரிவு அன்றாட வாழ்க்கையாகவே இருக்கிறது. அங்குள்ள குக்கிராமங்கள் 'இலே' எனப்படுகின்றன. குடும்பங்கள் தலைமுறையாக வாழ்ந்தாலும் நிலம் அவர்களுடையதல்ல, ஓ.என்.எஃப். வழங்கும் உரிமத்தின் பேரில் குடியிருக்கிறார்கள். அடியுடைமை மாவட்ட மன்றத்திடம். பள்ளிக்கூடமும் குப்பையும் லா பொசெசியோன், சேன்-போல் நகராட்சிகளின் பொறுப்பு. 2007 மார்ச்சில் தேசியப் பூங்கா அமைந்தபின் அதன் மையப் பகுதி 1,05,447 ஹெக்டேரில் புதிய விதிகள் வந்தன. பூங்கா யாருடைய உடைமையையும் மாற்றவில்லை. எதைச் செய்யலாம் என்பதை மட்டும் கட்டுப்படுத்துகிறது.

கோயில் சங்கம் காட்டிடத்தில் கூட்டமோ அன்னதானமோ நடத்த நினைத்தால் வரிசை இதுதான். முதலில் நகராட்சியில் நில அளவைப் படத்தைப் பார்த்து அந்தத் துண்டின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிரிவுடைமைக் காடு என்றால் விண்ணப்பம் ஓ.என்.எஃப்.-க்கு, உடைமையாளர் என்பதால் மாவட்ட மன்றத்துக்கு எழுதுவது வீண் சுற்று. இடம் பூங்காவின் மையப் பகுதியில் இருந்தால் பூங்காவின் இசைவும் வேண்டும். ஊர்வலம் சாலையைத் தொட்டால் மேயரின் ஆணை தேவை. மேயரின் கடிதம் ஒன்றையே எல்லாவற்றுக்கும் அனுமதியாக எண்ணுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. ஒழுங்கு காப்பது மேயரின் அதிகாரம், ஆனால் நிலத்தைப் பயன்படுத்தத் தரும் உரிமை அவரிடம் இல்லை. சமைப்பதற்கு முன் பிரெஃபேயின் தீத்தடை ஆணை நடப்பில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கடலோரத்தில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. 'ஐம்பது அடிவைப்பு' எனப்படும் 81.20 மீட்டர் பட்டை, முன்பே தனியார் பட்டா பெற்ற துண்டுகள் போன்ற விலக்குகள் நீங்கலாக, தேசிய அரசின் பொதுச் சொத்து. 1986ஆம் ஆண்டின் கரையோரச் சட்டம் அதை மீண்டும் பொதுச் சொத்தில் சேர்த்தது. அங்கே மன்றத்துக்கு அடியுடைமை இல்லை. தற்காலிகமாக இடம் கேட்பவருக்குக் கிடைப்பது எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறத்தக்க அனுமதி மட்டுமே.