தாமரை கேட்டால் காலிஃபிளவர்

செட்டிநாட்டு ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் பூக்கல் செய்கிற ஒரு பட்டறை. காலையிலேயே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. கண்ணாடித் துண்டின் மேல் சதுரச் சட்டம், அதற்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் வண்ணச் சாந்தை ஊற்றுகிறான் இருபது வயசுப் பையன் ஒருவன். ஊற்றி முடித்து அச்சை மேலே தூக்கினான். கை லேசாக ஆடிவிட்டது. சிவப்பு மஞ்சளுக்குள் ஓடியது.

"மாப்ளே, தாமரை கேட்டா காலிஃபிளவர் போட்டிருக்கியே!" என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர். பட்டறையே சிரித்தது. பையனும் சிரித்துக்கொண்டே கண்ணாடியைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான்.

அந்தச் சிரிப்பு இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும்? வண்ணத்தின் மேல் உலர்ந்த சிமெண்டுக் கலவையைத் தூவி, ஈரக் கலவையைப் போட்டு மட்டம் தட்டிவிட்டால் பூ உள்ளே மறைந்துவிடும். கல் காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறி, கண்ணாடி கழன்ற பிறகுதான் பூவின் முகம் தெரியும். திட்டுக்குப் பயந்தவன் பேசாமல் சிமெண்டைத் தூவிவிட்டு அடுத்த கல்லுக்குப் போயிருப்பான்.

நகைச்சுவை இருந்தால்தான் சிரிப்பு வரும் என்று நினைக்கிறோம். அமெரிக்க நரம்பியலாளர் ராபர்ட் புரொவைன் கடைத்தெருவிலும் கல்லூரி வளாகத்திலும் ஒட்டுக்கேட்டு, 1,200 சிரிப்புகளைக் குறித்துவைத்தார். அவற்றில் ஐந்தில் ஒரு பங்குகூட ஜோக்குக்குப் பின்னால் வந்தவை அல்ல. "சரி, அப்புறம் பார்ப்போம்" என்பது போன்ற சப்பைப் பேச்சுக்குத்தான் பெரும்பாலும் சிரித்திருந்தார்கள். தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடக் கூட்டத்தில் ஏறக்குறைய 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறோம் என்றும் அவர் கண்டார்.

குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்ப்பதைக் கோயில் வாசலில் பார்த்திருப்பீர்கள். அந்தத் தொடுதலில் வலியைத் தணித்து இதம் தரும் எண்டார்ஃபின் என்ற வேதிப்பொருள் உடலில் சுரக்கிறது, உறவு இறுகுகிறது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு முதுகைத்தான் பார்க்க முடியும். சிரிப்பு அதே வேலையைத் தொடாமலே, ஒரே நேரத்தில் பல பேருக்குச் செய்கிறது என்பது ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த உளவியலாளர் ராபின் டன்பாரின் வாதம். 2012இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், கூட்டமாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தவர்கள் அதற்குப் பிறகு கூடுதலாக வலி தாங்கினார்கள்.

எண்டார்ஃபின்தான் காரணமா? 2017இல் பின்லாந்தின் துர்க்கு நகரில் 12 ஆண்களை நண்பர்களோடு நகைச்சுவைக் காட்சிகள் பார்க்கவிட்டு, பிறகு மூளையைப் படம் எடுத்தார்கள். மூளையில் எண்டார்ஃபின் போய் உட்காரும் இடங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். அவற்றில் போய் ஒட்டும் கதிரியக்கப் பொருளை உடலில் செலுத்துவார்கள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல, உடலின் சொந்த எண்டார்ஃபின் முன்பே உட்கார்ந்துவிட்டால் பின்னால் வருகிற அந்தப் பொருளுக்கு இடம் கிடைக்காது. சிரித்த பிறகு மூளையின் சில பகுதிகளில் அதற்கு இடம் குறைந்திருந்தது. 12 பேர் என்பது சின்னக் கூட்டம்தான். எண்டார்ஃபின் சுரந்தாலே ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை வந்துவிடும் என்று இதை வைத்து எழுதுவது அவசரம்.

நம்பிக்கைக்கு வேறொரு சான்று வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துத் தவறுகளை எண்ணப் போனார். நல்ல குழு குறைவாகத் தவறு செய்யும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது: நல்ல குழுக்களில்தான் பதிவான தவறு அதிகம். அங்கே தவற்றை வெளியே சொல்ல ஆட்கள் பயப்படவில்லை என்று அவர் விளக்கினார். ஆத்தங்குடிப் பையன் கண்ணாடியைத் துடைத்தது அந்த ரகம்.

கேலியிலும் முறை உண்டு. மாமன், மச்சான் என்றால் எதையும் சொல்லலாம். வாங்கிக்கொள்கிறவர் கோபப்படக் கூடாது. இதை 'கேலி உறவு' என்று 1940இல் மானுடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் எழுதினார். நம் கல்யாண வீடுகளில் நலுங்கு வைக்கும்போது உட்கார்ந்திருந்தால் அவருக்கு ஒரு புத்தகமே தேறியிருக்கும். பட்டறையில் அந்தப் பையனும் பெரியவரும் சொந்தக்காரர்கள் அல்ல. 'மாப்ளே' என்று கூப்பிட்டதும் அந்த உரிமை வந்துவிடுகிறது.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கட்டாய விளையாட்டு. பலூன் உடைக்க வேண்டும். மேலாளர் தன் உதவியாளரைக் கிண்டலடிப்பார், நாங்கள் சிரிப்போம். திருப்பி அவரைக் கிண்டலடிக்க ஆள் கிடையாது. அந்தச் சிரிப்பு எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். வலிந்து சிரிக்கும் குரலைக் கேட்டால், எதிராளி மனதில் என்ன இருக்கிறது என்று துழாவுகிற முன்மூளைப் பகுதி கூடுதலாக வேலை செய்கிறது என்று நரம்பியலாளர் சோஃபி ஸ்காட்டின் லண்டன் குழு காட்டியிருக்கிறது. துழாவிக்கொண்டே எப்படி ஒட்டுவது?

டீ வந்தது. குடித்துவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பெரியவர் தூக்கிய அச்சின் ஓரத்தில் பச்சை வழிந்தது. பையன் எட்டிப் பார்த்தான்.

"மாமா, இது என்ன கொடி? பூசணியா, பாகலா?"

பெரியவர் துணியை எடுத்தார்.