நரம்பு வேதியியலில் எதற்கு இரண்டு ‘இயல்’?

‘ஜர்னல் ஆஃப் நியூரோகெமிஸ்ட்ரி’ 1956 முதல் வெளிவரும் ஆய்விதழ். அதன் பெயரை ‘நரம்பியல் வேதியியல் நாளிதழ்’ என்று தமிழில் மொழிபெயர்த்திருப்பதை மீண்டும் பார்த்தேன். மூன்று சொற்களில் இரண்டு பிழை. இனியும் பொறுப்பதற்கில்லை.

‘நியூரோ’வுக்கு மூலமான நியூரான் என்ற கிரேக்கச் சொல் முதலில் தசைநாணையும் வில்நாணையும் குறித்தது. நரம்பு என்ற பொருள் பின்னர் வந்தது. தமிழில் யாழின் தந்திக்கும் நரம்பு என்றே பெயர். இவ்வளவு பொருத்தமான சொல் கையிலிருக்க, ‘நரம்பியல்’ எதற்கு?

நரம்பியல் என்பது நரம்புகளைப் பற்றிய துறை. 1921-இல் ஓட்டோ லோவி என்ற மருந்தியல் அறிஞர் ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டினார்; இதயத் துடிப்பு தளர்ந்தது. அந்த இதயத்தை நனைத்திருந்த நீர்மத்தை இன்னோர் இதயத்தில் செலுத்தினார். அதன் துடிப்பும் தளர்ந்தது. நரம்பு ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது என்பது அப்போது தெரிந்தது. அது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் எனப் பின்னர் உறுதியானது. சுரந்தது நரம்பு, ஆகவே இது நரம்பின் வேதியியல். நரம்பியல் என்ற துறை எதையும் சுரப்பதில்லை.

உயிர்வேதியியலை யாரும் ‘உயிரியல் வேதியியல்’ என்பதில்லை. புவிவேதியியலும் ‘புவியியல் வேதியியல்’ ஆகவில்லை. நரம்புக்கு மட்டும் ஏன் இந்த வால்? வெறும் நரம்பு என்றால் இரத்தக் குழாய் என்று மக்கள் நினைத்துவிடுவார்கள், அதனால்தான் ‘இயல்’ சேர்த்தோம் என்று ஒரு சமாதானம் சொல்கிறார்கள். ஊசி போடும்போது ‘நரம்பு கிடைக்கவில்லை’ என்று சொல்வது உண்மைதான். ஆனால் நரம்பியலுக்குள்ளும் அதே நரம்புதானே இருக்கிறது? ‘இயல்’ சேர்த்ததும் குழப்பம் எப்படித் தீரும்? ‘மூளை வேதியியல்’ என்றே சொல்லலாம் என்போரின் வாதம் இன்னும் மோசம். தண்டுவடத்தையும் உடலெங்கும் ஓடும் நரம்புகளையும் அது வெளியே தள்ளிவிடுகிறது.

‘நாளிதழ்’ எங்கிருந்து வந்தது என்பதும் தெரிகிறது. ஜர்னல் என்ற சொல்லின் வேர் ‘நாள்’ என்ற பொருளுடையது. அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டார்கள். ஆய்வுக் கட்டுரைகள் வரும் இதழுக்கு ‘ஆய்விதழ்’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. இதழை ஒருமுறை திறந்து பார்த்திருந்தாலே போதும், நாளிதழ் என்று எழுதக் கை வந்திருக்காது. நான் எழுதுவது ‘நரம்பு வேதியியல் ஆய்விதழ்’.