மீன்தொட்டிக்கு யூவி விளக்கு: எதற்கு உதவும், எதற்கு உதவாது?

கிளிநொச்சி, வவுனியாப் பக்கத்து வீடுகளில் மீன்தொட்டி பெரும்பாலும் விறாந்தையில்தான் இருக்கும். காற்றோட்டம் உண்டு, வருகிறவர்களும் பார்க்கலாம். ஆனால் கோடை வெயில் அரைநாள் தொட்டியில் விழுந்தால் இரண்டொரு கிழமையில் தண்ணீர் பச்சையாகி, பின்பக்கம் நிற்கும் மீன் தெரியாமல் போய்விடும். பாதித் தண்ணீரை இறைத்து மாற்றினாலும் நாலு நாளில் பழையபடி பச்சை. கடையில் போய்ச் சொன்னால் யூவி விளக்கை, அதாவது புற ஊதாக் கதிர் விடும் விளக்கை, எடுத்து நீட்டுவார்கள். வாங்கலாமா? பச்சைத் தண்ணீர்தான் பிரச்சினை என்றால் அது வேலை செய்யும். மீனுக்கு வருத்தம் வராமல் தடுக்கத்தான் என்றால் காசைக் கொடுக்கமுன் கொஞ்சம் யோசியுங்கள்.

பம்ப் தள்ளும் தண்ணீர் ஒரு பெட்டி வழியாக ஓடும். அந்தப் பெட்டிக்குள் இருப்பது குறைந்த அழுத்தப் பாதரச ஆவி விளக்கு. ரியூப் லைற்றும் இதே இனம்தான். இதில் உள்ளே வெள்ளைப் பூச்சு இல்லை, சாதாரணக் கண்ணாடிக்குப் பதிலாகக் குவாட்ஸ் அல்லது அதுபோன்ற சிறப்புக் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை வெளியே விடாது. வெளிவரும் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதி 254 நனோமீற்றர் அலைநீளம் கொண்டது. டிஎன்ஏ நன்றாக உறிஞ்சும் அலைநீளம் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உறிஞ்சியதும் டிஎன்ஏ இழையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தைமின்கள் (டிஎன்ஏயின் நாலு 'எழுத்து'களில் ஒன்று தைமின்) தங்களுக்குள் ஒட்டிக்கொள்கின்றன. சிப்பில் ஒரே பக்கத்துப் பற்கள் இரண்டு ஒட்டிக்கொண்டால் இழுவை அந்த இடத்தில் நின்றுவிடுமே, அப்படித்தான் டிஎன்ஏயைப் பிரதியெடுக்கும் நொதியும் நின்றுவிடுகிறது. உயிரி அந்தக் கணமே சாவதில்லை. ஆனால் பெருக முடியாது. 1877இல் டவுன்ஸ், பிளன்ற் என்ற இருவர் சூரிய ஒளி பற்றீரியாக்களை அழிக்கும் என்று காட்டினார்கள். 1910இல் பிரான்சின் மார்செய் நகரில் இந்தக் கதிரால் குடிநீரைச் சுத்திகரித்துப் பார்த்தார்கள். ஆக இது நன்றாகப் பரீட்சித்த பழைய முறை. கேள்வி எல்லாம் நம் தொட்டியில் அது எதைத் தொடுகிறது என்பதுதான்.

விளக்கு தொடுவது தன்னைக் கடந்து ஓடும் தண்ணீரை மட்டும். மீனின் தோலில் இருப்பதை, மணலில் கிடப்பதை, கண்ணாடியில் ஒட்டிய பாசியை அது தொடாது. ஓடும் தண்ணீரும் ஒரே ஒழுங்கில் வருவதில்லை. 100 லீற்றர்த் தொட்டியில் மணிக்கு 100 லீற்றர் ஓடும் பம்ப் பூட்டினால் ஒரு மணித்தியாலத்தில் எல்லாத் தண்ணீரும் விளக்கைக் கடந்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் சுத்தமான தண்ணீர் திரும்பத் தொட்டிக்குள்ளேயே விழுந்து கலக்கிறது. அதனால் கடந்திருப்பது ஏறத்தாழ 63 சதவீதம்தான். மிச்சம் 37 சதவீதம் விளக்கின் பக்கமே போயிருக்காது.

பச்சைத் தண்ணீரில் இந்தக் கணக்கு நமக்குச் சாதகம். அந்தப் பச்சை, தண்ணீரில் மிதக்கும் ஒற்றைக்கலப் பாசிகள். அவை ஒருமுறை இரட்டிக்கிறதற்குள் தொட்டித் தண்ணீர் பலமுறை விளக்கைக் கடந்துவிடுகிறது. வழக்கமாகச் சில நாட்களில் தண்ணீர் தெளிந்துவிடும். ஆனால் செத்த பாசி அழுகி, அதிலிருந்த சத்து திரும்பத் தண்ணீருக்கே போகிறது. வெயிலும் மிச்ச உணவும் அப்படியே இருந்தால் விளக்கை அணைத்த கொஞ்ச நாளில் பச்சை திரும்பும். தோட்டக் கிணற்றில் உரம் ஊறியிருந்தால் நாம் ஊற்றும் ஒவ்வொரு வாளியோடும் பாசிக்கு நைத்திரேற்று போகிறது. தொட்டியை நிழலுக்கு நகர்த்திப் பார்க்காமல் விளக்கு வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

வெள்ளைப்புள்ளி நோயில் கணக்கு மாறுகிறது. மாரியில் தண்ணீர் குளிர்ந்ததும் கப்பி, தங்கமீன் எல்லாவற்றிலும் உப்புக்கல் அளவில் வெள்ளைப் புள்ளிகள் வரும். அந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் இருந்து தின்று வளர்கிறது. வளர்ந்ததும் கழன்று விழுந்து மணலில் கூடுகட்டி, அதற்குள் நூற்றுக்கணக்காகப் பிரிகிறது. பிறகு நீந்தும் குஞ்சுகள் வெளியே வந்து மீனைத் தேடுகின்றன. மூன்று கட்டங்களில் இந்தக் கடைசிக் கட்டம் மட்டும்தான் விளக்கில் மாட்டும். அந்தக் குஞ்சுகளுக்கு ஒரு நாள், இரண்டு நாள்தான் ஆயுள். சிறிய தொட்டியில் அதற்குள் ஒரு மீனைப் பிடித்துவிடும். போதாததற்கு இவை பற்றீரியாவைவிடக் கதிரைத் தாங்கும். குடிநீர்க் கருவிகளில் வழக்கமாகக் கேட்கும் கதிர் அளவு சதுர சென்ரிமீற்றருக்கு 40 மில்லியூல். இந்த ஒட்டுண்ணிக்கு 100 என்று சொல்வார்கள். அந்த அளவு கிடைக்கத் தண்ணீர் மிக மெதுவாக ஓட வேண்டும். மெதுவாக ஓடினால் கடந்து போகும் தண்ணீர் குறையும். இதனால் விளக்கு நோயின் வேகத்தைக் குறைக்கலாம், நோயை நிறுத்தாது.

பிள்ளைகள் குளத்திலும் வாய்க்காலிலும் பிடித்து வரும் மீனால்தான் வீட்டுத் தொட்டிகளுக்கு இந்த வருத்தம் பலமுறை வருகிறது. புது மீனை மூன்று கிழமை தனி வாளியிலோ பேசினிலோ வைத்துப் பார்த்துவிட்டு விட்டால், எந்த விளக்கும் செய்யாத வேலை அதில் நடந்துவிடும்.

ஃபில்டரிலுள்ள நல்ல பற்றீரியாவையும் விளக்கு கொன்றுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். தேவையில்லை. மீனின் கழிவிலிருந்து வரும் நச்சான அமோனியாவை மாற்றும் பற்றீரியா ஸ்பொஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழ்கிறது, தண்ணீரோடு அலைவதில்லை. அதேபோல அமோனியாவை அகற்ற விளக்கால் முடியாது. தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்திருந்தும் மீன் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றால் அமோனியா கூடியிருக்கிறதா, ஒட்சிசன் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வன்னிக்கு என்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. நம் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு விளக்கைச் சுற்றியுள்ள குவாட்ஸ் குழாயிலும் படியும். விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். குழாய்க்கிணற்றில் இரும்பு இருந்தால் மஞ்சளும் சேரும். வெளியே இருந்து பார்த்தால் நீல வெளிச்சம் எப்போதும்போலத் தெரியும். தண்ணீருக்குக் கதிர் போய்ச் சேராது. மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டுக் குழாயை எடுத்து, தேசிக்காய்ச் சாற்றில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு மெல்லத் துடையுங்கள். விளக்குக்கும் வயது உண்டு. ஏறத்தாழ 8000 மணித்தியாலம், அதாவது விடாமல் எரிந்தால் ஒரு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்குப் பிறகும் நீலமாக எரியும், ஆனால் கதிர் குறைந்திருக்கும். பூட்டிய திகதியைப் பெட்டியில் எழுதி வையுங்கள்.

மலிவாக வரும் சிலவற்றில் ஊதா நிற எல்இடி மட்டும்தான் இருக்கிறது. அட்டையில் 395 அல்லது 405 நனோமீற்றர் என்று போட்டிருந்தால் அது கிருமி அழிக்கும் விளக்கு இல்லை. மூடி இல்லாமல் நேரே தொட்டிக்குள் வைக்கும் விளக்கை நான் வாங்கவே வேண்டாம் என்பேன். வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்தவருக்கு இரவில் கண்ணில் மண் விழுந்ததுபோல் உறுத்துமே, இந்தக் கதிரைப் பார்த்தாலும் அதே காயம்தான். பிள்ளைகள் எட்டிப் பார்க்கிற உயரத்தில் அப்படி ஒன்று இருக்கக்கூடாது. மூடிய பெட்டியாக வாங்கி, பம்பும் விளக்கும் ஒரே சுவிட்சில் இருக்கப் பூட்டுங்கள். பம்ப் நின்று விளக்கு மட்டும் எரிந்தால் பெட்டிக்குள் தேங்கிய தண்ணீர் சூடாகும்.

மின்செலவு பெரிதில்லை. 9 வாற் விளக்கு இரவும் பகலும் எரிந்தால் மாதம் ஆறரை யூனிற். மீன் விற்பவர்கள், பல தொட்டிகளை ஒரே தண்ணீரில் ஓட்டுபவர்கள், முற்றத்து சீமெந்துத் தொட்டியில் கோய் மீன் வளர்ப்பவர்கள் ஆகியோருக்கு இது கொடுத்த காசுக்குப் பிரயோசனமான கருவி. விறாந்தையில் ஒரு தொட்டி வைத்திருப்பவர் முதலில் நிழல், உணவின் அளவு, கிழமைக்கு ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்றுவது என்று செய்து பார்க்கட்டும். அதற்குப் பிறகும் பச்சை விடாவிட்டால் வாங்கலாம்.

வாங்கிய பின் மீனுக்கு மருந்து போட வேண்டி வந்தால், போடுவதற்கு முன் விளக்கை அணைத்துவிடுங்கள். மலக்கைற் பச்சை, ஒக்சிரெற்றாசைக்கிளின் போன்றவற்றை இந்தக் கதிர் சிதைத்துவிடும். செடிகளுக்கு ஊற்றும் இரும்புச் சத்தும் அப்படித்தான்.