சமுதாய வானொலி உரிமம்: பணத்தை இறக்கும் முன் படியுங்கள்

ஊர்ச் செய்திக்கு இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. பத்திரிகையும் தொலைக்காட்சியும் ஒரே குழுமத்தின் கையில் சேர்வதற்கு வரம்பு வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2014-லேயே பரிந்துரைத்தது, சட்டம் வரவில்லை. ஊர் மக்கள் தங்களுக்கென்று ஒரு குரல் வைத்துக்கொள்ள அரசு திறந்துவைத்திருக்கும் கதவுகளில் ஒன்று சமுதாய வானொலி, அதாவது ஒரு சிறு பகுதி மக்களுக்காக லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்தும் எஃப்.எம். நிலையம். 2006 முதல் தொண்டு அமைப்புகளும் இதற்கு விண்ணப்பிக்கலாம். பாம்பன் மீனவர்களுக்காகப் பேசும் கடல் ஓசை 90.4 அந்த வழியில் வந்ததுதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலர் ஏமாறுவது இதில்தான். இது செய்தி உரிமம் அல்ல. செய்தி வேண்டுமானால் அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை ஒரு வார்த்தை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். வானிலை, போக்குவரத்து, திருவிழா, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு ஆகியவை செய்திக் கணக்கில் வராது. மின்தடை, குடிநீர், நோய் எச்சரிக்கை போன்றவற்றையும் சொல்லலாம், ஆனால் உள்ளூர் நிர்வாகம் கொடுத்த தகவலாக இருக்க வேண்டும். "நாளை காலை 10 முதல் 2 வரை மின்சாரம் இருக்காது" என்று வாரியம் கொடுத்ததை வாசித்தால் சிக்கல் இல்லை. "மூன்று வாரமாகத் தண்ணீர் வரவில்லையே, யார் பொறுப்பு?" என்று நீங்களாகக் கேட்டால், அது நடப்பு விவகாரம், அதுவும் செய்திக் கணக்குதான் என்று நோட்டீஸ் வர இடமுண்டு. அதனால் அறிவிப்பு எந்த அலுவலகத்திலிருந்து வந்தாலும் எழுத்தில் வாங்கித் தேதியோடு கோப்பில் வையுங்கள். தொலைபேசியில் சொன்னதை நம்பி வாசிக்காதீர்கள்.

தனி நபர் கேட்க முடியாது. லாபம் பார்க்கும் நிறுவனமும் கட்சியும் கேட்க முடியாது. கட்சியின் மாணவர், மகளிர், தொழிற்சங்க அணிகளுக்கும் இதே கதிதான். கல்வி நிறுவனம் அல்லாத அமைப்பாக இருந்தால், பதிவாகிக் குறைந்தது 3 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அந்த 3 ஆண்டும் உள்ளூரில் வேலை செய்ததற்குச் சான்றும் வேண்டும். வானொலிக்கென்றே புதுச் சங்கம் பதிவு செய்துவிட்டு உடனே விண்ணப்பித்தால் பலன் இல்லை. ஊரில் ஏற்கெனவே நடக்கும் சங்கத்தின் பெயரில் கேளுங்கள். கேட்பதற்கு முன், ஆண்டுக் கணக்கு மாவட்டப் பதிவாளரிடம் ஒழுங்காகத் தாக்கலாகியிருக்கிறதா என்று பாருங்கள். பல சங்கங்களில் அது வருடக்கணக்கில் கிடப்பில் இருக்கும். குறிப்பிட்ட ஒரு பகுதி மக்களுக்குப் பணி செய்வதே நோக்கம் என்று துணைவிதியில் தெளிவாக இல்லையென்றால், முதலில் திருத்தம் போடுங்கள்.

விண்ணப்பம் இணையத்தில்தான். "டெல்லியில் ஆள் இருக்கிறது" என்று பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விண்ணப்பத்தை உள்துறை, பாதுகாப்பு அமைச்சகங்களின் கருத்துக்கு அனுப்பும். அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு இந்தச் சுற்று இல்லை, உங்களுக்கு உண்டு. பிறகு விருப்பக் கடிதம் (லெட்டர் ஆஃப் இன்டென்ட்) வரும்; இது கொள்கையளவிலான ஒப்புதல்தான், உரிமம் அல்ல. கடிதம் வந்ததுமே கெடு ஓட ஆரம்பித்துவிடும்: 2024-ல் திருத்திய விதிப்படி ஓராண்டு, எதிர்பாராத தடங்கலுக்கு மேலும் 3 மாதம். அதற்குள் அலைவரிசை ஒதுக்கீடு, ஒலிபரப்புக் கோபுரம் நிற்கும் இடத்துக்கான அனுமதி, அமைச்சகத்தோடு ஒப்பந்தம் என்று எல்லாம் நகர வேண்டும்.

இதில் கோபுர இடம்தான் ஆளைக் கவிழ்க்கும். அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக் கொடுத்த இடத்துக்குத்தான் அனுமதி. மொட்டை மாடிக்காரர் நடுவில் மனம் மாறினால் இடத்துக்கான அனுமதியை முதலிலிருந்து கேட்க வேண்டும், கெடுவோ நிற்காது. ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே குத்தகையை எழுத்தில் முடித்துவிடுங்கள். இடமும் நீங்கள் சேவை செய்யும் பகுதிக்குள்ளேயே இருக்க வேண்டும். பொதுவாக ஒலிபரப்புத் திறன் 100 வாட், ஆண்டெனாவின் உயரம் தரையிலிருந்து அதிகபட்சம் 30 மீட்டர். ஒலி 5 முதல் 10 கிலோமீட்டர் வரை எட்டும். மாவட்டம் முழுக்கக் கேட்கும் என்று சொல்லி நன்கொடை வாங்காதீர்கள். உரிமம் கைக்கு வராமல் டிரான்ஸ்மிட்டரை இயக்கிப் பார்ப்பது குற்றம், "சோதனைக்காக" என்றாலும்.

மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம். வரும் பணம் நிலையத்துக்கே போக வேண்டும். வெளிநாட்டு நன்கொடை என்றால் அதற்கான உள்துறை அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். நிகழ்ச்சியில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்புடன் உருவாக வேண்டும்; நிகழ்ச்சிகளுக்கான ஆலோசனைக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நிலையத்தை நடத்தித் தருகிறோம் என்று வசதியான யாராவது வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். இந்த அனுமதியை யாருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது, தவறு நடந்தால் கேள்வி உங்கள் சங்கத்திடம்தான் வரும்.

ஒலிபரப்பான ஒவ்வொரு நிமிடத்தின் பதிவும் 3 மாதம் உங்களிடம் இருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள், ஒன்றை நிலையத்துக்கு வெளியே வையுங்கள். புகார் வரும் நாளில் நீங்கள் என்ன பேசினீர்கள் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.