சோஃபி ஜெர்மேனின் மீதிக் கணக்கு

9, 16 இரண்டும் வர்க்க எண்கள். கூட்டினால் வரும் 25-ம் வர்க்க எண். கன எண்களிலோ அதற்கு மேற்பட்ட அடுக்குகளிலோ இப்படி நடக்கவே நடக்காது என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா எழுதிவைத்தார். 4ஆம் அடுக்குக்கு அவரே நிரூபணம் தந்தார், 3க்கு ஆய்லர். இப்படி ஒவ்வொன்றாகப் போனால் முடிவே கிடையாது. பல அடுக்குகளை ஒரே வாதத்தால் பிடிக்க முதலில் வழி கண்டவர், பாரிஸில் பிறந்த சோஃபி ஜெர்மேன் (1776–1831).

5ஆம் அடுக்கை எடுத்துக்கொள்வோம். 5ஐ இரட்டித்து 1 கூட்டினால் 11, அதுவும் பகா எண். இனி எந்த எண்ணின் 5ஆம் அடுக்கையும் 11ஆல் வகுத்துப் பாருங்கள். 2⁵ = 32, மீதி 10. 3⁵ = 243, மீதி 1. 4⁵ = 1024, மறுபடியும் 1. 11இன் மடங்கென்றால் 0. இந்த மூன்றைத் தவிர வேறு மீதி வராது.

சரி, அதனால் என்ன? அ⁵ + ஆ⁵ = இ⁵ என மூன்று எண்கள் இருப்பதாகவும், எதுவுமே 11ஆல் வகுபடவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். இடப்பக்க மீதி 1+1 = 2, அல்லது 1+10 = 11, அதாவது 0, அல்லது 10+10 = 20, அதாவது 9. வலப்பக்கத்தில் வரக்கூடியதோ 1 அல்லது 10. ஒத்தே போகாது! ஆகவே மூன்றில் ஒன்று 11ஆல் வகுபட்டே தீர வேண்டும். அங்கிருந்து மேலும் சில படிகள் நகர்ந்து, ஒன்று 5ஆலும் வகுபட வேண்டும் என்று காட்டினார். 3, 11, 23 என்று இரட்டித்து 1 கூட்டினாலும் பகா எண்ணே தருகிற எல்லாவற்றுக்கும் இதே வாதம் செல்லும். இன்று அவற்றுக்கு ஜெர்மேன் பகா எண்கள் என்றே பெயர். 7 அப்படி அமையாது. 5க்கு 11 துணை நின்றதுபோல, அதற்குத் துணையாக 29 என்ற பகா எண்ணைப் பிடித்தார். இப்படியே 100க்குட்பட்ட ஒற்றைப் பகா எண்கள் அத்தனைக்கும், மூன்றில் ஒன்று அந்த அடுக்கு எண்ணாலேயே வகுபட வேண்டும் என்று காட்டி முடித்தார்.

இத்தனைக்கும் பாரிஸின் எகோல் பாலிடெக்னிக் கல்லூரியில் பெண்களுக்கு இடமில்லை. லெ பிளாங் என்ற ஆண் பெயரில்தான் கணிதவியலாளர்களான லக்ராஞ்சுக்கும், பிறகு காஸுக்கும் எழுதினார். உண்மை தெரிந்தபோது, 1807இல், காஸ் அவரது துணிவையும் திறமையையும் மனதாரப் பாராட்டினார்.

அவரது தேற்றத்தை உலகம் நெடுங்காலம் கணிதவியலாளர் லெஜாண்டரின் அடிக்குறிப்பு வழியாகவே அறிந்திருந்தது. கையெழுத்துப் பிரதிகளிலோ அதைவிடப் பெரிய திட்டம் இருக்கிறது. ஓர் அடுக்குக்குத் துணைப் பகா எண்கள் முடிவின்றிக் கிடைத்தால், அவை ஒவ்வொன்றும் அந்த மூன்று எண்களில் ஒன்றையாவது வகுத்தாக வேண்டும். எந்த எண்ணாலும் அதைத் தாங்க முடியாது, எனவே தீர்வே இல்லை என்றாகிவிடும். ஆனால் 3ஆம் அடுக்குக்கு 7, 13 இரண்டுதான் தேறும் என்று கணக்கிட்டு, அதை லெஜாண்டருக்கு எழுதியவரும் அவரேதான்.