கையிலிருந்து எவ்வளவு போடப் போகிறீர்கள்? சமூக மானியம் கேட்கும் சிறு குழுக்களுக்கு

மானியம் கிடைக்காமல் வருத்தப்பட்டு என்னிடம் வருபவர்கள் குறைவு. மானியம் கிடைத்து, அதற்குப் பிறகு திணறி வருபவர்கள்தான் அதிகம். நான் கணக்காளர். பகலில் சிறு நிறுவனங்களின் கணக்குகளைப் பார்க்கிறேன். மாலை வேளைகளிலும் வார இறுதியிலும் தமிழ் அமைப்புகள், வாசிப்புக் குழுக்கள், ஒரே புளோக்கில் வசிப்பவர்கள் சேர்ந்து நடத்தும் முயற்சிகள் ஆகியவற்றுக்கு விண்ணப்பமும் நிறைவு அறிக்கையும் தயாரிக்க உதவுகிறேன். திணறலுக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றேதான். மானியப் பணம் எப்போது, எவ்வளவு, எந்தச் செலவுக்கு வரும் என்பதை யாரும் முதலிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

சிங்கப்பூரில் சிறு முயற்சிகளுக்குப் பண உதவி இல்லை என்று சொல்ல முடியாது. கலாசார, சமூக, இளையர்துறை அமைச்சு 2016இல் தொடங்கிய 'நமது சிங்கப்பூர் நிதி', ஏற்கப்படும் செலவில் (மானியம் தருபவர் தகுதியானது என்று ஒப்புக்கொள்ளும் செலவில்) 80 விழுக்காடு வரை, ஒரு திட்டத்துக்கு அதிகபட்சம் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்ற அளவில் பல குழுக்களைத் தூக்கிவிட்டது. அதன் தொடர்ச்சியாக இப்போது 'எஸ்ஜி பார்ட்னர்ஷிப்ஸ் நிதி' சிறியது முதல் பெரியது வரை அடுக்குகளாக வந்திருக்கிறது. சுற்றுச்சூழல் சார்ந்த யோசனை என்றால் 2020இல் 50 மில்லியன் வெள்ளியுடன் அறிவிக்கப்பட்ட எஸ்ஜி ஈக்கோ நிதி இருக்கிறது. 15 முதல் 35 வயதுக்குள் இருப்பவர்களுக்குத் தேசிய இளையர் மன்றம் கைகொடுக்கிறது. மரபு சார்ந்தது என்றால் தேசிய மரபுடைமைக் கழகம், கலை என்றால் தேசியக் கலைகள் மன்றம், தமிழ்மொழி விழாவை ஒட்டியது என்றால் வளர்தமிழ் இயக்கம். வரம்புகளும் நிபந்தனைகளும் அவ்வப்போது மாறும். அதனால் விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த அமைப்பின் விதிமுறையைப் படித்துக்கொள்ளுங்கள். போன ஆண்டு நண்பர் சொன்னதை நம்பி இறங்காதீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம்.

ஒரு குழு 10,000 வெள்ளிக்குத் திட்டம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 80 விழுக்காடு கிடைக்கும் என்று அறிவிப்பில் படித்திருக்கிறார்கள். உடனே "8,000 வருது, நாம 2,000 போட்டா போதும்" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் 80 விழுக்காடு என்பது மொத்தச் செலவில் அல்ல, ஏற்கப்படும் செலவில். அந்த 10,000இல் பொன்னாடை, மாலை, நினைவுப்பரிசு, ஏற்பாட்டுக் குழுவின் நன்றி விருந்து என்று 1,500 வெள்ளி இருக்கிறது. இவற்றைப் பெரும்பாலான மானியங்கள் ஏற்பதில்லை. மிச்சம் 8,500. அதில் 80 விழுக்காடு 6,800. ஆக, குழு போட வேண்டியது 3,200 வெள்ளி.

இதோடு முடியவில்லை. பணம் ஒரே நாளில் மொத்தமாக வருவதில்லை. சில மானியங்கள் ஒரு பகுதியை முன்னதாகத் தந்து, மீதியை நிறைவு அறிக்கையும் ரசீதுகளும் சரிபார்க்கப்பட்ட பிறகு தருகின்றன. சில, எல்லாவற்றையும் நீங்கள் செலவழித்து முடித்த பிறகுதான் திருப்பித் தருகின்றன. மேலே சொன்ன 6,800இல் 30 விழுக்காடு கடைசித் தவணையாக நிற்கிறது என்று எடுத்துக்கொண்டால், முன்னால் கையில் வருவது 4,760 மட்டும். நிகழ்ச்சி முடிந்து, அறிக்கை கொடுத்து, அது ஏற்கப்படும் வரை குழு தன் கையிலிருந்து சுமக்க வேண்டிய தொகை 5,240 வெள்ளி. "2,000 போட்டா போதும்" என்று நினைத்தவர்களுக்கு இது பேரிடி. யாரோ ஒருவர், பெரும்பாலும் செயலாளரோ பொருளாளரோ, சொந்தக் கடன் அட்டையைத் தேய்க்கிறார். பணம் திரும்பி வருவதற்குள் குழுவில் பேச்சுவார்த்தை நின்றுபோகிறது. நல்ல நண்பர்கள் பிரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் மனைவிக்கோ கணவருக்கோ பதில் சொல்ல முடியாமல் தவித்தவர்களையும் தெரியும்.

பொருள் சேவை வரியையும் மறந்துவிடக் கூடாது. 2024 ஜனவரி முதல் அது 9 விழுக்காடு. அச்சகத்தார் "4,000" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய விலைக்குக் கீழே சிறிய எழுத்தில் வரி தனி என்று இருந்தால், கட்ட வேண்டியது 4,360. வரிக்குப் பதிவு செய்யாத சிறு குழு அந்த 360ஐத் திரும்பக் கேட்க முடியாது. அதனால் விலைப்புள்ளி வாங்கும்போதே வரி சேர்த்துக் கேளுங்கள்.

இன்னொன்று, செலவு குறைந்தால் மானியமும் குறையும். 8,500க்குத் திட்டமிட்ட ஏற்கப்படும் செலவு சிக்கனத்தால் 7,000இல் முடிந்தால், வருவது 5,600தான். 6,800 வரும் என்று நம்பி வேறு எதற்காவது செலவு செய்திருந்தால் அங்கே 1,200 வெள்ளி ஓட்டை விழுகிறது.

அதனால்தான் விண்ணப்பம் எழுத வருபவர்களிடம் வரவு செலவுத் திட்டத்தை முதலில் எழுதச் சொல்கிறேன். நோக்கம், பின்னணி, பலன் எல்லாம் அப்புறம் எழுதிக்கொள்ளலாம். எந்த மாதம் எவ்வளவு வெளியே போகிறது, எந்த மாதம் எவ்வளவு உள்ளே வருகிறது என்று இரண்டு வரிசை போட்டால் போதும். எந்த மாதத்தில் பள்ளம் விழுகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பள்ளத்தை நிரப்ப யாரும் முன்வரவில்லை என்றால், திட்டத்தைச் சிறியதாக்க வேண்டும்.

சிறியதாக்குவது பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ஒரு முறை ஓர் இளம்பெண் வந்தார். அவர் வீட்டுப் புளோக்கின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை மாலைகளில் சிறுபிள்ளைகளுக்குத் தமிழில் கதை சொல்ல ஆசை. கையில் இருந்த திட்டமோ 18,000 வெள்ளி. தொடக்க விழா, சிறப்பு விருந்தினர், மேடை, ஒலிபெருக்கி, டி-சட்டை, பதாகை, காணொளிக் குழு, நிறைவு விழா எல்லாம் இருந்தன.

"கதை சொல்றதுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டேன்.

"பாய், புத்தகம், பிள்ளைங்களுக்குத் தீனி. மழை வந்தா ஒதுங்க இடம்."

"அப்போ மேடை எதுக்கு?"

"எல்லாரும் அப்படித்தானே அண்ணே செய்றாங்க."

அவர் சொன்னதில் தவறு இல்லை. நம் அமைப்புகளில் எந்த முயற்சியும் ஒரு விழாவாகத்தான் பிறக்கிறது. குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நன்றியுரை. அதன் அழகை நான் மறுக்கவில்லை. பெரியவர்களை மதிப்பது நம் பண்பு. ஆனால் மானியம் தருபவர் விழாவைப் பார்ப்பதில்லை, விழா முடிந்த பிறகு யாருக்கு என்ன மாறியது என்று பார்க்கிறார். அந்தப் பெண்ணின் திட்டத்தை மறுபடி எழுதியபோது அது பழைய தொகையின் கால்வாசிக்கும் கீழே வந்தது. கதை சொல்லும் மாலைகளின் எண்ணிக்கையோ கூடியது. பெற்றோர்களே மாறி மாறிக் கதை சொல்ல ஒரு வரிசை போட்டார்கள். பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு பெட்டிப் புத்தகம் சேர்ந்தது. மானியம் முடிந்த பிறகும் நடக்கக்கூடிய ஒன்றாக அது மாறிவிட்டது. விண்ணப்பத்தைப் படிக்கும் அதிகாரி கேட்கப்போகும் கேள்விகளில் முக்கியமானது அதுதான்: பணம் நின்ற மறுநாள் இது என்னவாகும்?

"200 பேர் வருவார்கள்" என்று மட்டும் எழுதும் விண்ணப்பங்களைப் பார்த்தால் எனக்கு மனம் வலிக்கும். அதன் பின்னால் எவ்வளவோ நல்ல வேலை மறைந்திருக்கும். ஈசூனில் தனியாக வசிக்கும் பாட்டிமார்கள் வாரம் ஒரு முறை கூடிக் கோலம் போடுகிறார்கள் என்றால், எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு, அதற்கு முன் வாரத்தில் எத்தனை நாள் அவர்கள் வீட்டை விட்டு வெளியே வந்தார்கள், இப்போது எத்தனை நாள், ஒருவர் வராவிட்டால் யார் கதவைத் தட்டிப் பார்க்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். தொடங்கும் நாளில் ஒரு முறை, முடியும் நாளில் ஒரு முறை அவர்களிடமே கேட்டுக் குறித்துவைத்தால் போதும், ஆய்வறிக்கை ஒன்றும் தேவையில்லை.

சொந்தப் பங்கு என்றதும் பலர் தயங்குகிறார்கள். நம்மால் எங்கே முடியும் என்கிறார்கள். நம் சமூகத்துக்கு இது புதிதல்ல. 1950களில் 'தமிழ் முரசு' நாளிதழின் நிறுவனர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று சொல்லி நிதி திரட்டியபோது எளிய மக்கள் தங்களால் முடிந்ததைக் கொடுத்துத்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு நூல்கள் சேர்ந்தன. இன்றும் நம் சம்பளத்தில் மாதம் 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை சிண்டாவுக்கு, அதாவது சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்குப் போகிறது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் துணைப்பாட வகுப்பு அதில் நடக்கிறது. பொன்னாடைக்கும் விருந்துக்கும் ஆகும் செலவைச் சிராங்கூன் சாலைக் கடைக்காரர் ஒருவரிடம் கேளுங்கள், மகிழ்ச்சியோடு தருவார். அதை மானியக் கணக்கில் கலக்காமல் தனியே வையுங்கள். ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்குவது மட்டும் கூடவே கூடாது. தெரியாமல் நடந்தாலும் அது உங்கள் நேர்மையின் மேல் கறையாகத்தான் விழும்.

நன்கொடை கேட்கும்போது வரிச்சலுகை பற்றி வாய் தவறியும் வாக்குக் கொடுக்காதீர்கள். 250 விழுக்காடு வரிக்கழிவு ஐபிசி (பொதுநல அமைப்பு) தகுதி பெற்ற அமைப்புகளுக்குத் தரப்படும் தகுதியுள்ள நன்கொடைகளுக்குத்தான். உங்கள் நண்பர் குழுவுக்கு அந்தத் தகுதி கிடையாது. தெருவிலோ வீடு வீடாகவோ உண்டியல் ஏந்த உரிமம் வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

குழு என்பது சட்டத்தின் கண்ணில் என்ன என்பதும் முக்கியம். 10 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து சங்கமாக இயங்கினால் சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாத சிறு குழுக்களும் சில மானியங்களுக்குத் தனிநபர் பெயரில் விண்ணப்பிக்கலாம். அப்படியானால் பணம் ஒருவரின் சொந்த வங்கிக் கணக்குக்கு வரும். இங்கேதான் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன். அந்தத் திட்டத்துக்கென்றே ஒரு வங்கிக் கணக்கு திறவுங்கள். சம்பளம் வரும் கணக்கு வேண்டாம். மளிகைக்குப் பேநவ் செய்யும் கணக்கும் வேண்டாம். இரண்டாவது ஆள் ஒருவர் மாதம் ஒரு முறை அந்தக் கணக்கு அறிக்கையைப் பார்க்கட்டும். சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. பொறுப்பை ஏற்றவரின் பெயரைக் காப்பாற்றத்தான் சொல்கிறேன்.

நம் சமூகம் சிறியது. அச்சகம் வைத்திருப்பவர் பொருளாளரின் மைத்துனராக இருப்பார். சாப்பாடு போடுபவர் தலைவரின் அக்காவாக இருப்பார். அவர்களிடம் வாங்கக் கூடாது என்பதில்லை. உறவை முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட்டு, வேறு இரண்டு இடங்களிலும் விலை கேட்டு வைத்திருந்தால் கேள்வி எழாது. பின்னால் தெரியவந்தால் விலை நியாயமாக இருந்தாலும் விளக்கம் எடுபடாது.

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒப்புதல் கடிதம் வருவதற்கு முன் செய்த செலவைப் பொதுவாக ஏற்கமாட்டார்கள். ஒரு குழு நூல் அச்சடித்தது. வேலை அருமை. ஆனால் அச்சகத்தின் ரசீது ஒப்புதல் கடிதத்துக்கு முந்தைய தேதியில் இருந்தது. அந்தத் தொகை முழுவதும் அவர்கள் தலையில் விழுந்தது. ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவை ஒட்டி ஏதாவது செய்ய நினைப்பவர்கள் பிப்ரவரியில் ஓடி வருகிறார்கள். தீபாவளி முடிந்த கையோடு உட்கார்ந்தால்தான் பரிசீலனைக்கும், கேள்விகளுக்குப் பதில் சொல்லவும், நகர மன்றத்திடம் கீழ்த்தளத்துக்கு அனுமதி வாங்கவும் நேரம் இருக்கும்.

விண்ணப்பப் படிவம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிங்பாஸ் வழியாக இணையத்தில் நிரப்புவது யாருக்கும் சிரமமில்லை. ஆங்கிலம் தடுமாறுபவர்கள் தமிழில் பேசிக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு வாருங்கள். பிள்ளைகளோ நண்பர்களோ எழுத உதவுவார்கள். யோசனை உங்களுடையது, மொழிக்காக அதை விட்டுவிடாதீர்கள்.

கடைசித் தவணை சிக்கிக்கொள்வது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். தேக்கா சந்தையில் வாங்கிய பூவுக்கும் வாழையிலைக்கும் ரசீது இருக்காது. கடைக்காரரிடம் ஒரு துண்டுத்தாளில் பொருள், தொகை, தேதி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், அதை ஏற்பார்களா என்று முன்பே கேட்டும் வையுங்கள். வெப்பத்தாளில் அச்சான ரசீது சில மாதங்களில் வெளுத்துவிடும், அன்றே படம் எடுத்துவிடுங்கள். வருகைப் பதிவேட்டில் அடையாள அட்டை எண் கேட்காதீர்கள். சட்டம் கோரும் இடங்கள், ஒருவரின் அடையாளத்தை மிக உறுதியாகத் தெரிந்துகொண்டே ஆக வேண்டிய இடங்கள் தவிர மற்றவற்றில் முழு எண்ணைச் சேகரிக்க 2019 செப்டம்பர் முதல் அனுமதி இல்லை. பெயரும் கையெழுத்தும் போதும். பிள்ளைகளின் படங்களை அறிக்கையில் போடப் பெற்றோரின் சம்மதத்தைத் தொடக்க நாளிலேயே வாங்கிவிடுங்கள். நிகழ்ச்சி முடிந்து எல்லாரும் களைத்துப்போயிருக்கும் வாரத்தில் அறிக்கை எழுத யாருக்கும் மனம் வராது. அதற்குப் பொறுப்பான ஆளை முதல் கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள், அவருக்கு நிகழ்ச்சி நாளில் வேறு வேலை எதுவும் கொடுக்காதீர்கள்.